பட்டம் தராத அந்த ஒரு வருசம்

ஜப்பானுக்கு ஆராய்ச்சி மாணவராப் போற படிப்பைப் பற்றி ஆரும் என்னட்டக் கேட்டால், அந்த வருசத்துக்குப் பட்டம் இல்லை எண்டதைத் தான் நான் முதல்ல சொல்லுறது. பாதிப்பேர் அதோட கதையை விட்டிடுவினம். போன மாசம் கிளிநொச்சிச் சந்தையடியில ஒரு அம்மா மறிச்சுக் கதைச்சவ, மகள் அறிவியல் நகர்க் கம்பஸில சிவில் எஞ்சினியரிங் முடிச்சிட்டு நிக்கிறா, "தம்பி, நாலு வருசம் படிச்ச பிள்ளையை இன்னொரு வருசம் வெறுங்கையோட வாற படிப்புக்கு அனுப்பச் சொல்லுறியளோ" எண்டு கேட்டா. கோவத்தில கேக்கேல்ல, உண்மையாவே விளங்காமத் தான் கேட்டவ. நான் நிண்ட நிலையில ஏதோ சொன்னனான், சொன்னது எனக்கே காணாது, அண்டைக்கில இருந்து அது மண்டைக்குள்ள நிண்டு குடையுது.

அவ கேட்டதில நியாயம் இருக்கு. இடம்பெயரேக்க எங்கட அம்மாமார் வீட்டில இருந்து முதல்ல தூக்கினது என்ன எண்டு வன்னியில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், பிறப்புச் சான்றிதழும் ஓஎல் ஏஎல் ரிசல்ட்ஸும் வைச்ச பைல். ஆடு மாடு போச்சு, வீடு போச்சு, மோட்டார் சைக்கிளை றோட்டில விட்டிட்டு வந்தம், அந்தப் பைல் மட்டும் பொலித்தீன் பையுக்குள்ள சுத்தி முகாம் வரைக்கும் வந்தது. அப்பிடி வந்த சனத்திட்டப் போய் சான்றிதழ் இல்லாத படிப்பு ஒண்டு இருக்கு, அது தான் நல்லது எண்டு சொல்லுறது லேசான கதையில்லை. இதுக்குள்ள ஏஜென்சிக்காரரும் வேற. ஒரு வருசம், மாஸ்டர்ஸ், முடிய வேலை விசா எண்டு நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கினம், காணியை ஈடு வைச்சுக் காசு கட்டிப் போன பெடியள் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம், சிலர் நல்லா இருக்கினம், சிலர் இன்னும் அந்தக் கடனைத் தான் கட்டிக்கொண்டு நிக்கினம். வெளியில போய்ப் படிக்கவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா எஞ்சினியரிங் முடிச்ச ஒரு வன்னிப் பிள்ளைக்கு எதை முதல்ல காட்டுவன் எண்டு கேட்டால் அந்தப் பட்டமில்லாத வருசத்தைத் தான் காட்டுவன். ஏன் எண்டு இப்ப ஆறுதலாச் சொல்லப் பாக்கிறன்.

அது என்ன படிப்பு

ஜப்பான் கல்வி அமைச்சு குடுக்கிற மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில பட்டப்பின் படிப்புக்குப் போற வெளிநாட்டுக்காரர் கனபேர் முதல்ல சேருறது கென்க்யூசெய், அதாவது ஆராய்ச்சி மாணவர் எண்ட பேரில தான். முறையான மாணவர் கணக்கில வராது. ஒரு பேராசிரியருக்குக் கீழ, அவற்ற லாபில, உங்கட கேள்வி ஒண்டோட போய் இருக்கிறது, அவ்வளவு தான் படிப்பு. விரும்பினால் பாடங்களில போய் இருக்கலாம், மொழி படிக்கலாம், கிழமைக்குக் கிழமை லாப் செமினாரில செய்ததைச் சொல்லோணும். பிறகு மாஸ்டர்ஸ் நுழைவுப் பரீட்சை எழுதிச் சரிவந்தால் புலமைப்பரிசிலை நீட்டிக்கொண்டு தொடரலாம், நான் அப்பிடித் தான் தொடர்ந்தனான். நான் போன காலத்தில ஆராய்ச்சி மாணவருக்கு மாசம் 143,000 யென், மாஸ்டர்ஸுக்கு 144,000, பிஎச்டிக்கு 145,000. படிப்புக் கட்டணம் இல்லை, விமான ரிக்கற்றும் அவையே தருவினம். இந்த மூண்டு எண்ணையும் நான் கனபேருக்குக் காட்டுறனான், ஏனெண்டால் பட்டமே இல்லாமல் இருக்கிறவருக்கும் பிஎச்டி செய்யிறவருக்கும் இடையில மாசம் 2,000 யென் தான் வித்தியாசம். அந்த வருசத்தை வீணான வருசம் எண்டு நினைச்சிருந்தால் அவை இப்பிடிக் காசு குடுக்க மாட்டினம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில, அதாவது படிப்புகளை மட்டம் மட்டமா அடுக்கி வைச்ச பட்டியலில பாத்தால் 9ஆம் மட்டம் பாடநெறி மாஸ்டர்ஸ், 10 ஆராய்ச்சியும் சேர்ந்த மாஸ்டர்ஸ், 11 எம்ஃபில், 12 பிஎச்டி. கென்க்யூசெய் வருசத்துக்கு அதில ஒரு படியும் இல்லை. வீட்டில விளங்கப்படுத்த ஏலாமல் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பத்தில பரீட்சை, நேர்முகம் எல்லாம் இருக்கு, ஆனா ஆளைத் தூக்கிறதும் விழுத்திறதும் ஆராய்ச்சித் திட்டம் எண்டு எழுதிக் குடுக்கிற அந்தப் பக்கங்கள் தான். கம்பஸில நாலு வருசமும் கேள்வியை ஆரோ தந்தவை, நாங்கள் விடையை எழுதினனாங்கள். இஞ்ச கேள்வியே நாங்கள் கொண்டுபோகோணும். நான் கொண்டுபோனது இரணைமடு, கிளிநொச்சியின்ர பெரிய குளம்.

ஏன் இரணைமடு

2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியில இருந்த ஆருக்கும் நான் அந்த மழையைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. குளம் புனரமைச்சு முடிஞ்ச கையோட வந்த மாரி. விடியுறதுக்குள்ள கனகராயன் ஆறு குளத்தை நிரப்பி, வான்கதவுகள் திறந்து, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள. நான் அப்ப கம்பஸ் பெடியன், மாமா வீடு முரசுமோட்டை, இரவு அங்க தான் நிண்டனான், சாமான் கட்டில்களில ஏத்தினதும் பிறகு கட்டிலையே விட்டிட்டு வெளிக்கிட்டதும் நல்ல ஞாபகம். அதுக்குப் பிறகு மாசக்கணக்கில சனம் கதைச்சது ஒண்டு தான், கதவை முந்தித் திறந்திருக்கலாமோ இல்லையோ எண்டு. ஆளுக்கொரு கருத்து, சண்டை, விசாரணை. எனக்கு அதில ஆர் பிழை எண்டதை விட, மேல கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் பெய்யிற மழை குளத்துக்கு எத்தினை மணித்தியாலத்தில வந்து சேரும் எண்டு முந்தியே சொல்ல ஏலுமோ எண்டது தான் நித்திரை வராமல் செய்த கேள்வி. 36 அடிக்கு நிறைஞ்ச குளத்தில ஒவ்வொரு மணித்தியாலமும் காசு தான், முந்தித் திறந்தால் சிறுபோகத்துக்கு, அதாவது மாரி முடிஞ்சு செய்யிற நெல்லுக்கு, தண்ணி காணாது, பிந்தித் திறந்தால் கீழ சனம் மிதக்கும்.

அதை அப்பிடியே எழுதினனான். பெரிய சொல்லுகள் ஒண்டும் போடேல்ல. பேராசிரியர் ஒருத்தர் ஏற்றுக்கொள்ளுறன் எண்டு கடிதம் அனுப்பினார்.

நாள் எப்ப தொடங்குது?

லாபில எனக்குத் தந்த முதல் வேலை, செய்மதி காட்டுற மழையையும் எங்கட பக்கம் அளந்த மழையையும் ஒத்துப் பாக்கிறது. ஏனெண்டால் நீரேந்து பகுதி, அதாவது குளத்துக்குத் தண்ணி வாற நிலம், முழுக்க மழைமானி வைக்க ஏலாது, இருக்கிறது ஒண்டிரண்டு, செய்மதி எண்டால் முழுப் பரப்பையும் பாக்கும். ஜப்பான் விண்வெளி நிறுவனத்தின்ர ஜிஎஸ்மாப் எண்ட தரவு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 0.1 பாகைக் கட்டங்களா, அதாவது எங்கட பக்கத்தில கிட்டத்தட்ட 11 கிலோமீற்றருக்கு ஒரு பெட்டியா வரும், நான் எடுத்த தரவு 2000ஆம் ஆண்டில இருந்து. நல்ல சாமான். எடுத்து நாள் கணக்காக் கூட்டி, ஊரில இருந்து எடுத்த நாள் மழையோட ஒரே படத்தில கீறினால் ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. செய்மதி மழை எண்டு சொல்லுற நாளில மானி வெறுமை, மானி கொட்டுது எண்டு சொல்லுற நாளில செய்மதி வெய்யில் எண்டுது.

செமினாரில அந்தப் படத்தைப் போட்டன். ஒரு சீனியர், நல்ல மனுசன், தரவு கூடாது போல கிடக்கு, மாதக் கணக்குக்குப் போ, இல்லாட்டி மீகொங் ஆத்துப் பக்கம் தரவு நல்லா இருக்கு, அதை எடு எண்டார். லாபில பாதிப்பேர் மீகொங் தான் செய்யினம். நானும் கொஞ்சம் தளர்ந்து தான் போனன். அந்த நேரம் பேராசிரியர், கதைக்காமல் படத்தையே பாத்துக்கொண்டிருந்தவர், என்னட்டத் திரும்பி மெதுவாக் கேட்டார், "உங்கட ஊரில மழையின்ர நாள் எத்தினை மணிக்குத் தொடங்குது?"

எனக்கு விடை தெரியாது, அந்த அறையில ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டு வா எண்டார், அவ்வளவு தான், அடுத்த ஆளின்ர படத்துக்குப் போட்டார்.

ஜப்பான் எங்களுக்கு மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. பின்னேரம் லாப் படிக்கட்டில நிண்டு, ஊரில மழைமானி வாசிக்கிற ஒரு ஐயாவின்ர நம்பரைப் பிடிச்சு எடுத்தன். கனகாலம் அந்த வேலை செய்யிறவர், அவர் அளக்கிறதை ஒருத்தரும் அவரிட்ட விசாரிச்சதில்லையாம், பொழுதுபோக்குக்குக் கேக்கிறன் எண்டு தான் முதல்ல நினைச்சார். காலமை எட்டரைக்கு, எண்டார். எப்பவும் எட்டரை. மூடியைத் திறந்து, புனலைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற தண்ணியைக் கண்ணாடிச் சாடியில ஊத்தி, கண்ணுக்கு நேர பிடிச்சு வாசிக்கிறது. "அளந்திட்டு எந்தத் திகதியில எழுதுறனீங்கள் ஐயா?" "அளந்த திகதியில தான் தம்பி. இரவு பெய்ததை விடிய அளந்தால் அது விடிஞ்ச நாளின்ர கணக்கு. முதல் நாளில எழுதிற ஆக்களும் இருக்கினம், நான் அளந்த நாள்." சனி ஞாயிறு என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டன். தான் பக்கத்தில இருக்கிறபடியால் போறதாம், லீவுக்குப் போகாத இடங்களில திங்கக்கிழமை எல்லா மழையும் ஒண்டாக் கிடக்குமாம். மழை பேய் மாதிரி அடிக்கிற நாளில எட்டரைக்குப் போக ஏலாது, பத்து பதினொண்டும் ஆகும் எண்டும் சொன்னார். இதெல்லாம் ஒரு பாடப் புத்தகத்திலயும் எங்கட பேரோட எழுதிக் கிடக்கேல்ல, அந்த மனுசனிட்டத் தான் இருந்திச்சு.

செய்மதிக்காரர் நாளைக் கிரீன்விச் நேரத்துக்கு வெட்டுவினம், எங்களுக்கு அது விடியப்புறம் அஞ்சரை. எங்கட எட்டரை அங்க மூண்டு மணி. அப்ப 21ஆம் திகதி இரவு பெய்த மழை செய்மதியில 21, எங்கட பதிவேட்டில 22. ஒரு முழுநாள் தள்ளி, அதோட மூண்டு மணித்தியாலம் வேற. ஜிஎஸ்மாப் மணித்தியாலத் தரவு எண்டபடியால் திரும்பக் கூட்டிறது கஸ்டமில்லை, எட்டரையில இருந்து எட்டரைக்கு வெட்டிக் கூட்டி, திகதியை எங்கட வழக்கத்துக்கு மாத்தி, முதல்ல நான் தேடிப் பாத்தது 2018 டிசம்பர் 22. ரெண்டு கோடும் ஒரே நாளில எழும்பி நிக்குது. மற்ற நாளெல்லாம் அச்சொட்டா வந்தது எண்டு சொல்லமாட்டன், பெரிய மழையளைச் செய்மதி குறைச்சுத் தான் காட்டுது, 11 கிலோமீற்றர் பெட்டிக்குள்ள ஒரு பக்கம் கொட்டி மற்றப் பக்கம் காஞ்சிருக்கவும் கூடும். ஆனா ஒரு சொந்தமும் இல்லாமல் கிடந்த கோடுகள் ஒண்டோட ஒண்டு நடக்கத் தொடங்கிற்று. தரவு கூடாது எண்டு சொன்னது தரவின்ர குற்றமில்லை.

அந்தப் பின்னேரத்தைத் தான் நான் படிப்பு எண்டு சொல்லுறது. பாடநெறி மாஸ்டர்ஸில இருந்திருந்தால் எனக்குத் துப்புரவாக்கின தரவு ஒண்டு தந்து, இதுக்கு மொடல் ஓட்டு எண்டு சொல்லியிருப்பினம், நான் ஓட்டிப் புள்ளி எடுத்திருப்பன். வெளிநாட்டு மாணவன் ஒருத்தன் ஒரு லாபுக்குக் கொண்டுபோறது ஆங்கிலமோ கணிதமோ இல்லை, அந்த லாபில ஆருக்கும் தெரியாத ஒரு ஊர். அவையிட்டக் கணினியும் செய்மதியும் கேக்கத் தெரிஞ்ச ஒரு மனுசனும் இருந்தது, என்னட்ட ஐயாவின்ர போன் நம்பர் இருந்தது.

சைபர் எண்டு எழுதின மாரி

அந்தப் பழக்கத்தில எல்லாத்தையும் சந்தேகத்தோட பாக்கத் தொடங்கினன். ஊர்த் தரவு ஆரோ முந்தி எக்ஸெலில ஏத்தி வைச்ச கோப்பு, கையால கையுக்கு வந்தது. போர்க்கால வருசங்களில இடைவெளி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும், அதை ஆருக்குத் தெரியாது. ஆனா கோப்பில இடைவெளி ஒண்டையும் காணேல்ல, எல்லா நாளுக்கும் எண் இருக்கு. கீழ உருட்டிக்கொண்டு போய் 2008 நவம்பரில நிண்டன். முழு மாசமும் சைபர்.

2008 நவம்பர் கடைசியில நிஷா புயல். யாழ்ப்பாணமும் வன்னியும் வெள்ளத்துக்குள்ள கிடந்த கிழமை அது. கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடுப் பக்கம் நிண்ட காலம், நாங்களும் அங்க தான், தறப்பாளுக்குக் கீழ. நான் சின்னப் பெடியன். நிலத்தில தண்ணி ஓடுது, அப்பா மண்வெட்டியால கொட்டிலைச் சுத்தி வாய்க்கால் வெட்டுறார், வெட்ட வெட்ட நிரம்புது, அம்மம்மாவைத் தூக்கி உரலுக்கு மேல இருத்தினம். அந்த மழை, கோப்பில சைபர். மழை அளக்க ஆள் இல்லாமல் போன நாளுகள் எல்லாத்தையும் மழை பெய்யாத நாள் எண்டு எழுதி வைச்சிருக்கு. செய்தவை வேணுமெண்டு செய்திருக்க மாட்டினம், வெறும் பெட்டியைக் கணினி ஏத்துக்கொள்ளாது எண்டு நிரப்பியிருப்பினம். ஆனா அந்தக் கோப்பை அப்பிடியே எடுத்து மொடல் ஓட்டுற ஆருக்கும் வன்னியில மாரியில வரட்சி வாற வருசங்கள் இருக்கு எண்டு தான் விடை வரும், அதை வைச்சு ஆரோ ஒருத்தர் குளத்துக்கு நீர்க் கணக்கும் போடுவினம், சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் எண்டும் தீர்மானிப்பினம்.

1996இல போய்ப் பாத்தன், கிளிநொச்சி இடம்பெயர்ந்த மாசங்களில அதே கதை. ஆனா என்னட்ட இருந்த ஜிஎஸ்மாப் 2000க்குப் பிறகு தான், 96க்கு ஒத்துப் பாக்க அதில ஒண்டுமில்லை. 2000க்குப் பிந்தின சைபர்களை ஒவ்வொண்டா எடுத்து, செய்மதியோட வைச்சு, ஆள் இல்லாத சைபர் எது, மழை இல்லாத சைபர் எது எண்டு பிரிக்கிறது தான் பிறகு என்ர மாஸ்டர்ஸின்ர அரைவாசி வேலையாப் போச்சு. அதைச் செய்யாமல் வெள்ளம் முந்திச் சொல்லுற மொடல் பற்றிக் கதைக்கவே ஏலாது. லாபில நான் அந்த நவம்பரைப் படத்தில காட்டினபோது, அந்த நேரம் எங்க இருந்தனீங்கள் எண்டு பேராசிரியர் கேட்டார், சொன்னன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு அவர், அப்ப நீங்களும் ஒரு பதிவு தான், ஆய்வேட்டில முறைப்படி எழுதுங்கோ எண்டார். எழுதினன்.

இஞ்ச வாறவை

இதில இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லாமல் விட ஏலாது. நான் அங்க வெளிநாட்டு மாணவன். எங்கட பக்கமும் வெளிநாட்டில இருந்து ஆராய்ச்சிக்கு எண்டு வருகினம், நல்ல விசயம், வரட்டும். ஆனா நான் கண்டவரைக்கும் கனபேர் வந்து, கிணத்துத் தண்ணி எடுத்து, சனத்திட்டக் கேள்விக் கொத்தை நிரப்பி, போயிடுவினம். தண்ணி குடுத்த வீட்டுக்காரருக்குத் தன்ர கிணத்தில என்ன இருந்தது எண்டு தெரியவராது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்க்காரர் இருக்கிற ஊர்களில இதைச் சொல்லிச் சனம் குறைப்பட்டதை நான் கேட்டிருக்கிறன்.

அறிவியல் நகரில பொறியியல் பீடம் 2014இல பிள்ளையளை எடுக்கத் தொடங்கினது. சுத்திவர இருக்கிறதைப் பாருங்கோ, ஒரு பக்கம் இரணைமடு, மேற்குப் பக்கம் சுண்ணாம்புப் பாறை, கிழக்கயும் தெற்கயும் கருங்கல்லு நிலம், அதுக்கேத்த மாதிரி மாறுற நிலத்தடித் தண்ணி, பூநகரிக் காத்து, ஒண்டுக்குக் கீழ ஒண்டாக் கிடக்கிற சின்னக் குளங்கள். நீரியல் படிக்கிற ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கு இதை விட நல்ல இடம் வேற எங்க. ஜப்பான்காரர் எங்களுக்குச் செய்யிற மாதிரி, ஒரு வருசம் வந்து இருந்து ஒரு கேள்வியோட வேலை செய்யிற ஆராய்ச்சி மாணவர் முறை ஒண்டை நாங்களும் பெரிசா நடத்தோணும் எண்டது என்ர ஆசை. ரெண்டு நிபந்தனை போட்டால் காணும். வாற ஒவ்வொருத்தரோடயும் எங்கட பிள்ளை ஒண்டு சேர்ந்து வேலை செய்யோணும், கட்டுரையில அந்தப் பிள்ளையின்ர பேரும் வரோணும். எடுத்த தரவின்ர முழுப் பிரதி ஒண்டு கிளிநொச்சியில இருக்கோணும், எத்தினை மணிக்கு அளந்தது, ஆர் அளந்தது, எந்த நாளில அளக்கேல்ல எண்ட குறிப்போட. ஒரு கிழமை வந்து தண்ணி அள்ளிக்கொண்டு போறவருக்கு எட்டரை மணிக் கதையை அறிய நேரமும் இருக்காது, கேக்கத் தோணவும் தோணாது.

அந்த அம்மாவின்ர மகளோட பிறகு போனில கதைச்சனான். அவவுக்குக் கேள்வி ஏற்கனவே இருக்கு, தங்கட ஊர்க் குளத்தின்ர துருசால, அதாவது மதகால, சிறுபோகத்துக்குத் திறக்கிற தண்ணி கடைசி வயலுக்குப் போகேக்க எவ்வளவு வாய்க்காலில இறங்கிப் போகுது எண்டது. அப்பாவின்ர வயல் கடைசி வயல். நல்ல கேள்வி, அளக்கக் கூடிய கேள்வி, அதை விட்டிட்டுச் செயற்கை நுண்ணறிவு எண்டு ஏதும் சேர்த்து எழுதவேண்டாம் எண்டு சொன்னன். வேற ஆரும் பிள்ளையள் போட இருந்தால், தூதரக விண்ணப்பம் வழக்கமா சித்திரை, வைகாசிப் பக்கம் தான் கூப்பிடுவினம், அறிவித்தலைப் பாத்துக்கொண்டிருங்கோ, வயது 35க்குள்ள இருக்கோணும். ஆராய்ச்சித் திட்டத்தை முதல்ல தமிழில எழுதிப் பாருங்கோ, எந்த இடம், என்ன பிரச்சினை, எதை அளப்பியள், அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன. ரெண்டு பக்கம் காணும். எழுதினதை எனக்கு அனுப்புங்கோ, இரவில ஒவ்வொண்டா இருந்து வாசிச்சுச் சொல்லுறன்.